பயன்படுத்திய குதிரையேற்றப் பொருட்கள் விற்பனை

பயன்படுத்திய குதிரையேற்றப் பொருட்கள் விற்பனை என்பது, குதிரை வளர்ப்போரும் குதிரையேற்றம் பயில்வோரும் தமக்குத் தேவைப்படாத சேணம், கடிவாளம், அங்கவடி, குதிரைப் போர்வை, காலணி முதலியவற்றை ஓரிடத்தில் கூடி விற்கும் உள்ளூர்ச் சந்தையாகும். இங்கிலாந்தில் இதனை 'டாக் சேல்' என்பர். கருவிகளைக் குறிக்கும் 'டாக்கிள்' என்ற சொல்லின் சுருக்கமே 'டாக்'. ஊர்ப் பொது மண்டபத்திலோ, குதிரையேற்றப் பள்ளியின் கூரையிட்ட பயிற்சித் திடலிலோ இது நடைபெறும். 1929ஆம் ஆண்டு பிரிட்டனில் தொடங்கப்பட்ட சிறுவர் அமைப்பான போனி கிளப்பின் கிளைகள் நிதி திரட்டுவதற்காக இத்தகைய விற்பனைகளை நடத்துவதுண்டு.

இச்சந்தைகள் தோன்றக் காரணம் எளிது. பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள், போன ஆண்டு வாங்கிய காலணி இந்த ஆண்டு நுழைவதில்லை. குதிரையை மாற்றினால் சேணத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். ஒரே குதிரைகூட இளைத்தாலோ கொழுத்தாலோ அதன் முதுகின் வடிவம் மாறிவிடும். புதிய தோல் சேணம் விலை மிகுந்தது என்பதால், பழையதைத் தேடி வருவோர் எப்போதும் இருக்கின்றனர்.

விற்பனை இரு வகையில் நடக்கும். வாடகைக்கு ஒரு மேசை எடுத்து விற்பவரே நின்று விற்பது ஒன்று. விலைச்சீட்டு கட்டிப் பொருளை அமைப்பாளரிடம் ஒப்படைத்து, விற்ற தொகையில் ஒரு பங்கைக் கழிவாகக் கொடுப்பது மற்றொன்று. இரண்டாவது முறையில் வாங்குபவரின் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. ஆகவே சீட்டில் அளவு, வயது, குறை ஆகிய மூன்றையும் எழுதிவிடுவது நல்லது.

சேணம்

சந்தையில் விலை உயர்ந்த பொருளும், ஏமாற்றத்துக்கு அதிகம் இடம் தரும் பொருளும் சேணமே. ஆங்கிலேயச் சேணத்தின் இருக்கை அளவு அங்குலத்தில் சொல்லப்படும். முன்மேட்டின் பக்கவாட்டில் உள்ள குமிழ் ஆணியிலிருந்து பின்மேட்டின் நடுப்பகுதி வரை அளக்க வேண்டும். பெரியவர்களுக்கு 17 அல்லது 17½ அங்குலம் பரவலாக விற்கும். இது அமர்பவருக்கான அளவு மட்டுமே. குதிரைக்கான அளவு வேறு. அது குறுகல், நடுத்தரம், அகலம் எனக் குறிக்கப்படும். முதலாவதை மட்டும் எழுதி இரண்டாவதை விட்டுவிடும் விற்பனையாளர்களே அதிகம்.

சேணத்தின் உள்ளே மரத்தாலோ செயற்கைப் பொருளாலோ ஆன சட்டம் ஒன்று மறைந்திருக்கிறது. குதிரை சேணத்தோடு கீழே புரண்டாலும், சேணம் உயரத்திலிருந்து விழுந்தாலும் அது முறியக்கூடும். வெளித்தோலில் கீறல்கூட இருக்காது. ஆனால் முறிந்த சட்டம் ஒவ்வோர் அடியிலும் குதிரையின் முதுகை அழுத்திப் புண்ணாக்கும். குதிரைக்கு வாய் இருந்தும் சொல்லத் தெரியாது. துள்ளியும் உதைத்தும்தான் வலியைக் காட்டும். அதனைக் கெட்ட குதிரை என்று பழி சொல்வதும் உண்டு. சோதிக்கும் முறை கடினமன்று. பின்மேட்டை வயிற்றில் ஊன்றிக்கொண்டு முன்மேட்டைத் தன்பக்கம் இழுக்க வேண்டும். இருக்கையின் நடுப்பகுதி மடிந்தாலோ, உள்ளே 'கடக்' என்ற ஒலி எழுந்தாலோ ஐயப்பட வேண்டும். முன்மேட்டின் இருபுறங்களையும் பிடித்து உள்நோக்கி அழுத்திப் பார்ப்பதும் வழக்கம். சிலவகைச் சட்டங்கள் இயல்பாகவே சற்று வளைந்து கொடுக்கும் என்பதால், இறுதி முடிவைச் சேணம் செய்பவரிடம் கேட்பதே முறை.

அடுத்துப் பார்க்க வேண்டியவை, குதிரையின் வயிற்றைச் சுற்றி இழுத்துக் கட்டும் பட்டையும் அது மாட்டப்படும் வார்களும். தோலை மடித்துப் பார்த்தால் உலர்ந்த தோலில் நுண்ணிய வெடிப்புகள் தெரியும். தையல் நூல் இற்றிருந்தால் வாரை இழுக்கும்போதே பிரியும். ஓடும் குதிரையில் இது அறுந்தால் சேணத்தோடு ஆளும் விழ வேண்டியதுதான். இவ்வார்களை மாற்றித் தைக்க முடியும். தைத்த பிறகு விற்றால் விலையும் கிடைக்கும்.

இங்கிலாந்தின் சேணத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் வால்சால். அவ்வூர்க் கால்பந்துக் குழுவின் பட்டப்பெயரே 'சேணம் செய்வோர்' என்பதாகும். அவ்வூரில் செய்யப்பட்டது என்ற முத்திரை பழைய சேணத்துக்கும் மதிப்பைக் கூட்டும். புவிசார் குறியீடு பெற்ற கான்பூர்ச் சேணப் பொருட்கள் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகின்றன.

விற்கக் கூடாதவை

தலைக்கவசத்தை இரண்டாம் கையாக விற்பது தவறு. விழும்போது அதன் உட்புற நுரைப்பகுதி நசுங்கி அதிர்ச்சியை ஏற்றுக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கியது மறுமுறை அதே அளவு காக்காது. வெளி ஓடு பளபளப்பாகவே இருக்கும். எனவே 'ஒருமுறைதான் போட்டது' என்ற பேச்சை நம்பி வாங்குவதில் பொருளில்லை. பல அமைப்பாளர்கள் தலைக்கவசத்தைச் சந்தைக்குள் அனுமதிப்பதேயில்லை. தூக்கி எறியும் முன் தாடைப்பட்டையை வெட்டிவிட்டால் வேறொருவர் எடுத்து அணிய மாட்டார். வீழ்ச்சியில் விலாவைக் காக்கும் உடற்காப்பு மேலாடைக்கும் பெருமளவு இதுவே பொருந்தும்.

தூய்மை

அழுக்கோடு விற்பது அழகுக்குறை மட்டுமன்று. படர்தாமரைப் பூஞ்சையின் வித்துகள் போர்வையிலும் தூரிகையிலும் வயிற்றுப் பட்டையிலும் நெடுநாள் தங்கி, ஒரு லாயத்திலிருந்து மற்றொரு லாயத்துக்குப் பரவும். அது மனிதருக்கும் தொற்றும். 'ஸ்ட்ராங்கிள்ஸ்' எனப்படும் குதிரைத் தொண்டைநோயும் பொதுப் பொருட்கள் வழியாகப் பரவக்கூடியது. போர்வைகளைத் துவைத்தும், கடிவாளத்தின் வாயிரும்பைக் கழுவித் தொற்றுநீக்கியும், தோலைச் சேணச் சோப்பால் துடைத்தும் கொண்டுவர வேண்டும். தோலில் எண்ணெயை வழியவிட்டு வெடிப்பை மறைப்பது பழைய தந்திரம். தேர்ந்த கை அந்தப் பிசுபிசுப்பிலேயே கண்டுபிடித்துவிடும்.

விலை, அளவு, உரிமை

பிரிட்டனில் போர்வை அளவு அடியும் அங்குலமுமாகவும், அமெரிக்காவில் அங்குலமாக மட்டுமேயும் சொல்லப்படும். 6 அடி 3 அங்குலமும் 75 அங்குலமும் ஒன்றே. பிரிட்டனில் தனியார் ஒருவர் தம் பொருளை விற்கும்போது, கடைக்காரருக்கு உள்ள அத்தனை பொறுப்பும் அவருக்கு இல்லை. குறையைத் தேடிப் பார்ப்பது பெரும்பாலும் வாங்குபவர் கடமை. ஆனால் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லி விற்றால் சட்டம் வாங்குபவர் பக்கம் நிற்கும்.

சேணத் திருட்டு கிராமப்புறங்களில் நடப்பதால் பலர் தம் அஞ்சல் குறியீட்டைச் சேணத்தில் பொறித்து வைக்கின்றனர். அப்படிப் பொறித்த சேணத்தை வேறு ஊர்க்காரர் விற்றால், அதை வாங்கிய ரசீதையும் உடன் வைத்திருப்பது நல்லது. மாலையில் விலைபோகாமல் மிஞ்சும் கிழிந்த போர்வைகளைக் குதிரைக் காப்பகங்கள் பெற்றுக்கொள்வதுண்டு.