டீசல் வண்டியின் சத்தம் என்ன சொல்கிறது?

நிலத்தை விட்டு வந்த ஒரு குடும்பத்தின் கையில் மொத்தமாக ஒரு தொகை சேர்வது அடிக்கடி நடப்பதல்ல. வீடு இழந்ததற்குக் கிடைத்த நட்டஈடு, அடகிலிருந்து மீட்டு விற்ற நகை, மத்திய கிழக்கில் வேலை செய்யும் மகள் அனுப்பிய பணம், இப்படித் துளித் துளியாகச் சேர்ந்ததே அது. கண்டியைச் சுற்றியுள்ள பல குடும்பங்கள் அந்தப் பணத்தில் ஒரு பழைய டீசல் வேனையோ சிறிய லொறியையோ வாங்குவதைப் பார்க்கிறோம். சொந்தக் காணி இல்லாவிட்டாலும், மற்றவர் விளைவித்த மரக்கறியைத் தம்புள்ளைச் சந்தைக்கு ஏற்றிச் சென்றாவது பிழைக்கலாம் என்ற எண்ணம் நியாயமானதே.

வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில்தான் சிக்கல் தொடங்குகிறது. விற்றவரின் முற்றத்தில் கேட்காத ஒரு சத்தம் இப்போது கேட்கிறது. சிலர் பயந்து முதலில் கண்ட கராஜுக்கு ஓடி, தேவையில்லாத பாகங்களுக்குப் பணம் கொடுக்கிறார்கள். வேறு சிலர் "டீசல் வண்டி அப்படித்தான் கத்தும்" என்று விட்டுவிட்டு, ஒரு மாதத்தில் எஞ்சினையே இழக்கிறார்கள். இரண்டும் ஒரே காரணத்தால் வரும் நட்டம்: சத்தத்தைக் கேட்கிறோம், ஆனால் விசாரிப்பதில்லை. பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தே பழுத்ததா காயா என்று சொல்லும் எமது மக்களுக்கு இந்த விசாரணை புதிய கலையல்ல.

டீசல் எஞ்சின் ஏன் தட்டுகிறது?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நாம் அறிவோம். காற்றை நெருக்கினால் அது சூடாகும். இந்த உண்மையை வைத்தே ஜேர்மனியரான ருடோல்ஃப் டீசல் 1897ஆம் ஆண்டு அவுக்ஸ்பேர்க் நகரில் தமது எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். பெற்றோல் எஞ்சினில் பிளக் ஒன்று தீப்பொறி கொடுக்கும். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்று ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்கப்பட்டு 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகிறது. அதற்குள் டீசல் தூவப்பட்டதும் தானாகவே பற்றுகிறது.

ஆனால் தூவிய கணத்திலேயே அது பற்றுவதில்லை. ஒரு சிறு தாமதம் உண்டு. அந்தத் தாமதத்தில் சேர்ந்த டீசல் முழுவதும் ஒரேயடியாக எரியும்போது எழுவதே "டக டக" என்ற அந்தத் தட்டல். தாமதம் கூடினால் தட்டலும் கூடும். எனவே டீசல் எஞ்சின் ஓரளவு தட்டுவது இயல்பு. அளவு மாறினால்தான் காரணம் தேட வேண்டும்.

எஞ்சினின் அமைப்பையும் பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்திற்கு 750 சுற்றுச் சுற்றினால் நொடிக்கு 25 தடவை எரிப்பு நடக்கிறது. எமது காது அதை ஒரே இரைச்சலாகக் கேட்கிறது. நாம் "பட்டா" என்று அழைக்கும் டாட்டா ஏஸ் லொறியின் டீசல் எஞ்சினில் இரண்டு சிலிண்டர்களே உள்ளன. அதே வேகத்தில் நொடிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று தடவைதான் எரிப்பு. ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும், வண்டியும் குலுங்கும். வேன் ஓட்டிப் பழகியவர் பட்டா வாங்கினால் இதை நோய் என்று எண்ணிவிடக் கூடாது.

கொழும்பில் கேட்காதது கண்டியில் கேட்பது ஏன்?

கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது; நுவரெலியா ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில். குளிர்ந்த காலையில் எஞ்சினுக்குள் நுழையும் காற்று குளிர்ந்தது, அது போதிய சூடு பெறத் தாமதமாகும், தட்டல் கூடும். சில நிமிடங்களில், எஞ்சின் சூடேற ஏற அது குறைந்துவிட்டால் பயப்பட வேண்டியதில்லை. குறையாவிட்டாலோ, வெள்ளைப் புகையுடன் நெடுநேரம் திணறினாலோ ஹீட்டர் பிளக்குகளைச் சோதிக்கச் சொல்லுங்கள். அவற்றில் ஒன்றிரண்டு எரிந்துபோயிருப்பது பழைய வண்டிகளில் சாதாரணம். இது பெரிய செலவான வேலையல்ல.

மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. நுவரெலியாவில் கரையோரத்தை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைவு. றம்பொடை ஏற்றத்தில் பாரத்துடன் ஏறும் பழைய எஞ்சின் இழுக்க முடியாமல் முனகுவதற்கும் கரும்புகை விடுவதற்கும் இது ஒரு காரணம். அங்கே கியரைக் குறைத்துப் போடுவதே மருந்து.

இறக்கத்தில் கேட்கும் சத்தம் வேறு. கடுகண்ணாவையிலும் பலகடுவையிலும் மகியங்கனை வீதியின் பதினெட்டு வளைவிலும் இரண்டாம் கியரில் இறங்கும்போது எஞ்சின் உரத்துக் கத்தும். அது வண்டியைப் பிடித்து வைத்திருக்கும் சத்தம். அதற்குப் பயந்து நியூட்ரலில் விட்டு இறங்கினால் பாரம் முழுவதும் பிரேக்கில் விழும். லைனிங் சூடேறி, கடைசி வளைவில் பிரேக் பிடிக்காமல் போகும்.

சத்தத்திடம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

முதலாவது: எப்போது வருகிறது? குளிரில் மட்டுமா, சூடான பின்னுமா, ஏற்றத்திலா, வளைவிலா?

இரண்டாவது: எதனோடு சேர்ந்து கூடுகிறது? வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து எக்சிலரேட்டரை மெல்ல மிதியுங்கள். சத்தமும் வேகமெடுத்தால் காரணம் எஞ்சினிலோ அதனோடு சுழலும் பாகத்திலோ உள்ளது. நிற்கும்போது கேட்காமல், ஓடும்போது மட்டும் சக்கர வேகத்தோடு கூடினால் சக்கரம், பிரேக், தண்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது: கிளச்சை மிதித்தால் மாறுகிறதா? மிதிக்கும்போது இரைச்சல் பிறந்தால் கிளச் பெயரிங் தேய்ந்திருக்கலாம். மிதித்ததும் இரைச்சல் நின்றுபோனால் கியர் பெட்டிக்குள் உள்ள பெயரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். இந்த ஒரு சோதனையே தேவையில்லாமல் கியர் பெட்டியை இறக்குவதைத் தவிர்க்கும்.

நான்காவது: எங்கிருந்து வருகிறது? ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பின்னாலிருந்து கேட்கட்டும். எஞ்சினுக்கு அருகே ஒரு நீண்ட மரத்தடியின் ஒரு முனையை அசையாத பாகத்தில் வைத்து, மறு முனையைக் காதோரம் பிடித்தால் வைத்தியரின் குழாய் போல் வேலை செய்யும். சேலைத் தலைப்பும் தளர்ந்த சட்டைக் கையும் ஃபேன் பெல்ட்டுக்கு அருகே போகக் கூடாது.

இனிச் சில பொதுவான சத்தங்கள். மழைக் காலையில் "கீச்" என்று கத்தி அடங்குவது பெரும்பாலும் தளர்ந்த ஃபேன் பெல்ட். சக்கர வேகத்தோடு "ஊம்" என்று கூடி, வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் உரப்பது சக்கர பெயரிங். முன்னுக்கும் பின்னுக்கும் கியர் மாற்றும்போது அடியில் "டக்" என்று ஓர் அடி கேட்டால் நீள் தண்டின் கிராஸ் மூட்டு. எஞ்சினின் மேற்புறத்தில் இலேசான "டிக் டிக்" டப்பெட் இடைவெளியாக இருக்கலாம், சரிப்படுத்திக் கொள்ளலாம். எஞ்சின் தாங்கு இறப்பர் கிழிந்தால் வண்டி முழுவதுமே நடுங்கும்.

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்திடம் "எஞ்சினை முழுவதும் இறக்க வேண்டும்" என்று ஓரிடத்தில் கூறினார்கள். வேறொரு மெக்கானிக் மேற்சொன்ன சோதனைகளைச் செய்து பார்த்தார். கிழிந்திருந்தது தாங்கு இறப்பர் ஒன்று. அதை மாற்றியதோடு வேலை முடிந்தது.

உடனே நிறுத்த வேண்டிய சத்தங்கள்

எஞ்சினின் அடியிலிருந்து கனமான, ஆழமான "டொக் டொக்". பாரம் இழுக்கும்போது அது கூடுகிறது. எண்ணெய் விளக்கும் எரிகிறது. இது கிராங்க் தண்டின் பெயரிங்குகள் தேய்ந்ததன் அடையாளமாக இருக்கலாம். "வீடு வரை போய்விடலாம்" என்று ஓட்டும் அந்தச் சில கிலோமீற்றர்களே எஞ்சினை முடித்துவிடும். அணைத்துவிட்டுக் கட்டி இழுத்து வாருங்கள்.

பிரேக்கை மிதிக்கும்போது இரும்போடு இரும்பு உராயும் சத்தம். லைனிங் தீர்ந்துவிட்டது. மலை வீதியில் இதோடு ஓட்டக் கூடாது.

வண்டிக்குள் புகை நெடியுடன் வெடிப்பது போன்ற சத்தம். சைலன்சர் குழாய் ஓட்டையாகியிருக்கலாம். குழந்தைகள் பின்னால் தூங்கும் வேனில் இது நஞ்சு.

டர்போ உள்ள எஞ்சினில், கால் எடுத்த பின்னும் வேகம் தானே ஏறி அலறுவது. எஞ்சின் தனது எண்ணெயையே எரிக்கத் தொடங்கினால் சாவியை அணைத்தாலும் நிற்காது. பிரேக்கை முழுப் பலத்துடன் மிதித்து, மேல் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டால் திணறி நிற்கும். முடியாவிட்டால் எல்லோரும் இறங்கி விலகி நிற்க வேண்டும். பொனட்டைத் திறந்து குனிந்து பார்ப்பது ஆபத்து.

டீசல் தரும் சத்தம்

எல்லாத் தட்டலும் இரும்பின் குற்றமல்ல. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை உயர்த்தப்படும் வரை, டீசலை விட அது மிக மலிவாக இருந்ததால் கலப்படம் இலாபமாக இருந்தது. மண்ணெண்ணெய்க்கு வழுவழுப்புக் குறைவு. டீசல் பம்பும் நொசில்களும் டீசலின் வழுவழுப்பிலேயே இயங்குகின்றன. அப்படி ஓட்டப்பட்ட வண்டியின் தேய்மானம் இன்று வாங்குபவர் தலையில் விழுகிறது. அதே ஆண்டுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் வாளியிலும் கானிலும் சேமித்த டீசலோடு தண்ணீரும் தூசியும் டாங்கிக்குள் போயின.

ஆகவே வாங்கிய முதல் வாரத்திலேயே டீசல் ஃபில்டரை மாற்றி, அடியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். பிறகும் ஒரு சிலிண்டர் மட்டும் தனித்துத் தட்டினால் நொசில்களைக் கழற்றிச் சோதிக்கச் சொல்லலாம். நொசில் தூவும் இடத்தில் கை வைக்கக் கூடாது. அந்த அழுத்தம் தோலைத் துளைத்து டீசலை உடம்புக்குள் செலுத்தும். புதிய வகை கொமன் ரெயில் எஞ்சின்களில் அழுத்தம் பல மடங்கு அதிகம். ஓடும்போது அக்குழாய்களைத் தளர்த்தவே கூடாது.

சத்தமே போடாத ஆபத்து

எல்லாக் கெடுதியும் அறிவித்துவிட்டு வருவதில்லை. டொயோட்டாவின் 2எல், 3எல் எஞ்சின் பூட்டிய ஹையேஸ் வேன்கள் எமது வீதிகளில் இன்னும் ஓடுகின்றன. அவற்றின் டைமிங் பெல்ட்டை 100,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். அதை நினைவூட்ட முன் பலகையில் ஒரு விளக்கும் உண்டு. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் பாழாகும். அறுவதற்கு முன் அது ஒரு முனகல்கூட விடாமல் இருக்கலாம்.

2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை நாட்டில் வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அந்த ஐந்தாண்டுகளும் ஏற்கெனவே இருந்த வண்டிகளே ஓடித் தேய்ந்தன. ஓடிய தூரம் காட்டும் மீற்றரைப் பின்னுக்குத் திருப்பி விற்பவர்களும் உண்டு. எனவே பெல்ட் மாற்றியதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கொண்டு உடனே மாற்றுங்கள்.

இன்னொரு மௌன ஆபத்து வெள்ளம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் கம்பளைப் பகுதி நீரில் மூழ்கியது. கண்டி மாவட்டமெங்கும் மண் சரிந்தது. நீரில் நின்ற வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வரக்கூடும். சீட் பெல்ட்டை முழு நீளத்திற்கு இழுத்துச் சேற்றுக் கறை பாருங்கள். ஆசனத்தின் அடி ஆணிகளில் துரு, விளக்குக் கண்ணாடிக்குள் ஈரம், எஞ்சின் எண்ணெயில் பால் போன்ற நிறம் ஆகியவற்றையும் கவனியுங்கள். அப்படிப்பட்ட வண்டியில் பெயரிங்குகள் சில மாதங்கள் கழித்தே இரையத் தொடங்கும்.

கராஜுக்குப் போகும் முன்

ஒரு பயிற்சிப் புத்தகத்தை வண்டியிலேயே வையுங்கள். சத்தம் வந்த நாள், இடம், கியர், பாரம், எஞ்சின் சூடா குளிரா என்று எழுதுங்கள். "ஏதோ சத்தம் வருது பாஸ்" என்று சொன்னால் மெக்கானிக் ஊகிக்க வேண்டும். "கிளச்சை மிதித்தால் நிற்கிறது, குளிரில்தான் கூட" என்று சொன்னால் தேடுதல் பாதியாகும். வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் எழுதலாம். கேட்பதற்குச் சாரதி அனுமதிப் பத்திரம் தேவையில்லை.

மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பெரிய வேலை என்றால் இன்னொருவரிடமும் காட்டுங்கள். இன்னும் வாங்காதவர்கள், விற்பவரின் வீட்டுக்குக் காலையிலேயே போய் முதலில் பொனட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், உங்களுக்கு முன் யாரோ எஞ்சினை ஓட்டிச் சத்தத்தை அடக்கிவைத்திருக்கலாம். "நாளைக்கு வருகிறோம், நாங்கள் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கள்" என்று சொல்லுங்கள். மறுநாள் குளிர்ந்த எஞ்சின் பேசுவதைக் கேட்ட பிறகே முற்பணத்தைக் கொடுங்கள்.