குழாயைச் சுருக்கும் கால்சியம்

பாம்பைக் கண்டு திடுக்கிட்டவனுடைய முகம் வெளிறிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். தோலுக்குச் செல்லும் நுண்ணிய தமனிகள் சுருங்கி, அங்கே இரத்த ஓட்டம் குறைந்துவிடுவதே இதற்குக் காரணம். இரத்தக் குழாய் என்றதும் ரப்பர்க் குழாய்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் தமனியின் சுவரில் தசைச் செல்கள் வளையங்களாகச் சுற்றி அமைந்துள்ளன. அவை சுருங்கினால் குழாயின் உள்விட்டம் குறையும், தளர்ந்தால் கூடும்.

சிறிய மாற்றம், பெரிய விளைவு

குழாய் சிறிதளவு சுருங்குவதால் என்ன ஆகிவிடும்? பிரெஞ்சு மருத்துவரான பாய்சொய், மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்தி அளந்து, 1840-களில் ஒரு விதியை வெளியிட்டார். நீளமும் அழுத்த வேறுபாடும் மாறாதிருந்தால், குழாயில் பாயும் திரவத்தின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதே அது. ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது! ஆரம் 20 சதவிகிதம் குறைந்தாலே ஓட்டம் 41 சதவிகிதமாகக் குறைந்துவிடும். இரத்தக் குழாய்களுக்கு இவ்விதி ஏறக்குறையப் பொருந்துகிறது.

கட்டளை யாருடையது?

1894-இல் லண்டனில் ஆலிவர், ஷேஃபர் என்ற இருவர், சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் சாற்றை விலங்குகளின் உடலில் செலுத்தினர். தமனிகள் சுருங்கின, இரத்த அழுத்தம் மளமளவென்று ஏறியது. அச்சாற்றில் இருந்த ஹார்மோனே அட்ரினலின். நாம் அஞ்சும்போது இரத்தத்தில் கலப்பது இதுதான். நரம்பு முனைகளில் சுரக்கும் நார்அட்ரினலினும் இதற்குத் துணை நிற்கிறது.

ஆனால் அட்ரினலின் தசைச் செல்லின் சவ்வைக் கடந்து உள்ளே செல்வதில்லை. உள்ளே வராமலேயே எப்படி வேலை வாங்குகிறது?

மதகு திறக்கிறது

ஏரி நிறைய நீர். மதகுக்கு இப்பால் வறண்ட வாய்க்கால். தசைச் செல்லின் நிலையும் இதுதான். செல்லுக்கு வெளியே உள்ள கால்சியம் அயனிகளின் செறிவு, ஓய்வாக இருக்கும் செல்லின் உள்ளே இருப்பதைப் போல் ஏறத்தாழ 10,000 மடங்கு. செல்லுக்குள்ளும் கால்சியத்தைச் சேமித்து வைத்துள்ள சிறு பைகள் உண்டு.

சவ்வின் மேலுள்ள ஏற்பி என்னும் புரதத்தில் அட்ரினலின் வந்து பொருந்துகிறது. உடனே சவ்வின் உட்புறத்தில் இனாசிட்டால் டிரைபாஸ்பேட் என்ற தூதுவன் உண்டாகிறது. கால்சியப் பைகளின் வாயிலைத் திறப்பது இதுவே என்று 1983-இல் கண்டறிந்தனர். சவ்விலுள்ள வாயில்களும் திறக்க, வெளியிலிருந்தும் கால்சியம் பாய்கிறது. அது கால்மோடுலின் என்ற புரதத்துடன் சேர்ந்து ஒரு நொதியைத் தூண்ட, அந்நொதி மயோசின் இழைகளை முடுக்குகிறது. அவை ஆக்டின் இழைகளைப் பற்றி இழுக்கின்றன, தசை சுருங்குகிறது. பிறகு கால்சியத்தைச் செல் வெளியேற்றிவிட, தசை தளர்கிறது.

வேடிக்கை என்னவென்றால், ஓடுவதற்கு உதவும் கால் தசைகளின் தமனிகளை இதே அட்ரினலின் விரிக்கவும் வல்லது. அங்கே வேறு வகை ஏற்பிகள் மிகுதி. அவை அனுப்பும் தூதுவன் வேறு. அது தசையைத் தளர்த்துகிறது. ஆகவே விளைவை முடிவு செய்வது ஹார்மோன் மட்டுமன்று. அதை ஏற்கும் செல்லும்தான்.

வீட்டிலுள்ள மாத்திரை

நுண்தமனிகள் எப்போதும் மிகுதியாகச் சுருங்கியிருந்தால், இரத்தத்தைத் தள்ள இதயம் கூடுதல் அழுத்தம் தரவேண்டியிருக்கும். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலியோ அறிகுறியோ இன்றி வளர்ந்து, மூளையையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். உங்கள் தாத்தாவோ பாட்டியோ அம்லோடிபின் என்ற மாத்திரையை உட்கொள்ளலாம். தசைச் செல்லின் சவ்விலுள்ள கால்சிய வாயில்களை அடைப்பதே அதன் வேலை. தமனி சற்று விரிகிறது. நான்காம் அடுக்கு விதி நமக்குச் சாதகமாகிறது!

கால்சியத்தைத் தடுக்கும் மருந்து என்பதால் பாலையும் கேழ்வரகையும் விலக்க வேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள். உணவிலுள்ள கால்சியம் குடலில் சேர்வதை அம்மாத்திரை தடுப்பதில்லை. அழுத்தம் குறைந்துவிட்டது என்று மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்துவதும் கூடாது. நிறுத்தினால் தமனிகள் மீண்டும் சுருங்கும்.

உங்களுக்கு ஒரு கணக்கு: தமனியின் ஆரம் 10 சதவிகிதம் கூடினால், அதே அழுத்தத்தில் ஓட்டம் எவ்வளவு கூடும்? 1.1-ஐ நான்கு முறை பெருக்கிப் பாருங்கள். விடை உங்களை வியக்க வைக்கும்.