ஐப்பசி மழையும் அடுத்த வீடும்

வெலிமடைப் பக்கத்தில் பெருமழை ஐப்பசியில் தொடங்கும். தகரக் கொட்டில்களில் தற்காலிகமாகக் குடியிருக்கும் நமக்கு அப்போது துணி காயாது, விறகு புகையும், கூரைச் சத்தத்தில் பேச்சும் கேட்காது. காய்ந்த விறகு உள்ள வீட்டில் ரொட்டி சுட்டால், அடுத்த வீட்டுக் கேத்தலும் அதே அடுப்பில் ஏறும். (கடன் போன உப்புத்தான் திரும்பி வருவதில்லை!)

ஆனால் மழை நாளில் அயலவரின் உதவி அடுப்போடு நிற்பதில்லை. கொஸ்லாந்தை மீரியபெத்தையை நாம் மறக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29, தீபாவளி கழிந்து ஒரு வாரம். காலை 7.30 அளவில் மலை சரிந்து லயன்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள்; அவர்களில் சிலருக்குத் திரும்பி வர வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்திருந்தது. மாற்று வீடு வரவில்லை. தப்பியவர்களுக்கு 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016 ஒக்டோபரில்தான். அதுவரை பல குடும்பங்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் ஒண்டியிருந்தன.

ஆகவே நாமே மழையை அளப்போம். நேர்ச்சுவர் டின் ஒன்றை வெட்டவெளியில் வைத்தால் போதும். ஒரு நாளில் 75 மில்லிமீற்றர், அதாவது மூன்று அங்குலம் நிறைந்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 150 ஆனால் வெளியேற வேண்டும் என்கிறது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். டின் நிறையாவிட்டாலும் நிலம் வெடித்தால், மரம் சாய்ந்தால், ஊற்று திடீரெனக் கலங்கினால் காத்திருக்கக் கூடாது. கொட்டிலுக்குப் பின்னால் கான் அடைத்திருந்தால் இன்றே வெட்டிவிடுவோம். நடக்க முடியாத பாட்டியை எந்த வீட்டுப் பையன் தூக்குவான், கைக்குழந்தைக்காரியோடு யார் போவது என்று பகலிலேயே பேசி வைத்துக்கொள்வோம். டோர்ச்சுக்கு பெற்றரியும் வேண்டும்.