குடியானவர் பாஷையும் ராஜ வேஷமும்

பால்டிக் கடலோரத்திலே எஸ்தோனியா என்று ஒரு சின்னஞ்சிறு தேசம் இருக்கிறது. இன்றைக்குங்கூட அதன் ஜனத்தொகை 14 லட்சத்தை எட்டவில்லை. பல நூற்றாண்டுகளாக அங்கே நிலமெல்லாம் ஜெர்மானியப் பிரபுக்களின் வசம் இருந்தது. 1710 முதல் ஆட்சி ருஷ்யச் சக்கரவர்த்தியிடம் போயிற்று. நாட்டு மக்களின் எஸ்தோனிய பாஷை வயலுக்கும் அடுக்களைக்கும் போதும், நாடக மேடையில் ராஜாக்கள் பேச அது உதவாது என்பது மேல் வகுப்பாரின் எண்ணம். இந்த மாதிரி எண்ணம் நம்மவர்க்கும் புதிதல்லவே! அதைப் பொய்யாக்கிய நடிகர்களுள் தலைசிறந்தவர் பால் பின்னா.

அவர் 1884-ம் வருஷம் டாலின் நகரில் பிறந்தார். சர்க்கார் தஸ்தாவேஜுகளில் அப்போது அந்த ஊருக்கு 'ரெவல்' என்று பெயர். ஊரின் பெயரைக்கூட அந்நியர் உச்சரித்தபடியே எழுதிவந்தார்கள். 'எஸ்தோனியா' என்ற சங்கம் ஒன்று அங்கே 1865 முதல் பாட்டும் கூத்தும் நடத்திவந்தது. நடிப்பவர்கள் பகலெல்லாம் தங்கள் தங்கள் வேலையைப் பார்த்துவிட்டு, மாலையில் அரிதாரம் பூசுகிறவர்கள். பின்னாவும் அப்படித்தான் மேடை ஏறினார். 1906-ல் அந்தச் சங்கம் நடிப்பையே ஜீவனமாகக் கொண்ட நாடகசாலையாக மாறிற்று. அதை முன்னின்று நடத்தியவர்கள் இருவர்: பின்னா ஒருவர், அவருக்கு ஒரு வயது இளையவரான தியோடர் ஆல்டர்மன் மற்றொருவர். பின்னாவின் பலம் ஹாஸ்யம். ஆல்டர்மனுக்கு வாய்த்தது சோக ரஸம். மேடைக்கு இவ்விரண்டும் வேண்டியவை அல்லவா?

அவர்களுடைய நாடகசாலைக்குச் சொந்தக் கட்டடம் வேண்டுமென்று ஜனங்களே பணம் திரட்டினார்கள். நகரத்திலேயே மிகப் பெரிய மாளிகைகளுள் ஒன்றாக அது 1913-ல் எழுந்தது. திட்டம் வகுத்த இரு பின்லாந்துச் சிற்பிகளில் ஒருவர் ஸ்திரீ என்பது கவனிக்கத் தக்கது. திறப்பு விழாவுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட நாடகம் ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்'! டென்மார்க்கு ராஜகுமாரனாக வந்து, குடியானவர் பாஷை என்று இகழப்பட்ட அதே பாஷையில் பேசியவர் ஆல்டர்மன்.

ஆனால் அவருடைய ஆயுள் குறுகியது. 1915-ல், 29-வது வயதிலேயே, அவர் காலமானார். பின்னா தொடர்ந்து நடிகராகவும் டைரக்டராகவும் உழைத்துவந்தார். 1918-ல் எஸ்தோனியா சுதந்திரப் பிரகடனம் செய்தது. மறு வருஷம் ஏப்ரலில் அரசியல் நிர்ணய சபை கூடியபோது, அது கூடிய இடம் வேறெதுவுமன்று, ஜனங்கள் காசு போட்டுக் கட்டிய அந்த நாடக மாளிகைதான்.

அந்தச் சுதந்திரம் நீடிக்கவில்லை. 1940-ல் சோவியத் படைகள் வந்தன. பிறகு ஜெர்மானியர் வந்தனர். 1944 மார்ச்சு 9-ம் தேதி மாலை, மாளிகையில் 'கிராட்' என்ற எஸ்தோனிய நாட்டிய நாடகம் நடந்துகொண்டிருக்கையில், சோவியத் விமானங்கள் நகரத்தின்மீது குண்டு பொழிந்தன. வேஷம் கலைக்க நேரமின்றிப் பேய் வேஷக்காரர்களும் தெருவுக்கு ஓடினார்களாம். மாளிகை எரிந்து போயிற்று. அதைப் புதுப்பித்து 1947-ல் திறந்ததைப் பின்னா கண்ணாரக் கண்டார்.

1949 மார்ச்சு மாத இறுதியில் அவர் கண் மூடினார். அதே வாரத்தில்தான் 20,000 எஸ்தோனியர்களை, பெரும்பாலும் பெண்களையும் குழந்தைகளையும் வயோதிகரையும், சோவியத் சர்க்கார் ரயிலேற்றி ஸைபீரியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.