கணுக்கால் ஆபரேஷனுக்கு முன் கால் உணர்வைச் சோதித்து எழுதச் சொல்லுங்கள்

பைக்கில் சறுக்கி விழுந்தவர்களுக்கும் படியில் கால் மடங்கியவர்களுக்கும் கணுக்காலில் பிளேட், ஸ்க்ரூ வைப்பது இன்று சின்ன ஊர் மருத்துவமனைகளிலும் நடக்கிறது. பெரும்பாலும் எலும்பு நன்றாகக் கூடிவிடுகிறது. ஆனால் சிலருக்குப் பாதத்தின் மேற்புறம் மரத்தே கிடக்கும். செருப்பு வார் உரசினாலே சுரீர் என்று எரியும். விபத்திலேயே நரம்பு நசுங்கியதா, மாவுக்கட்டு அழுத்தியதா, கத்தி பட்டதா? பல நேரங்களில் யாராலும் பதில் சொல்ல முடிவதில்லை. காரணம், ஆபரேஷனுக்கு முன் அந்தக் காலில் உணர்வு எப்படி இருந்தது என்று எவரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

கணுக்காலைச் சுற்றிச் சதை மிகக் குறைவு. நரம்பும் ரத்தக்குழாயும் தோலுக்கு அடியிலேயே ஓடுகின்றன. வெளிப்பக்கம் வரும் மேலோட்டப் பெரோனியல் நரம்பு, வெளிக்கணுவின் நுனியிலிருந்து ஏறக்குறைய 10 முதல் 12 செ.மீ. மேலே சதையுறையைத் துளைத்துக்கொண்டு தோலடிக்கு வருகிறது. இந்த இடம் ஆளுக்கு ஆள் மாறும். வெளி எலும்பில் பிளேட் வைக்கக் கீறும் கோட்டின் மேல்முனை பெரும்பாலும் இதன் பாதையை ஒட்டித்தான் போகிறது. உள்கணுவுக்குச் சற்று முன்னால் பெரிய சஃபீனஸ் சிரையும் அதே பெயருள்ள நரம்பும் சேர்ந்தே செல்கின்றன. சிரை அறுந்தால் கட்டிவிடலாம். ஆழத்திலுள்ள சிரைகள் அந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் ரத்தம் கொட்டும்போது அவசரமாகப் போடும் கட்டில் பக்கத்து நரம்பும் சிக்கிக்கொள்ளக்கூடும். வெளிக்கணுவுக்குப் பின்னால், குதிகாலை நோக்கி இறங்கும் சூரல் நரம்பு இருக்கிறது. உள்கணுவுக்குப் பின்னாலிருக்கும் டிபியல் நரம்புதான் உள்ளங்காலுக்கு உணர்வு தருகிறது. பக்கத்திலேயே பெரிய தமனியும் உண்டு. முன்பக்க நடுவில் இன்னொரு தமனியும் ஆழ்நரம்பும் இருப்பதால், துளைவழி மூட்டு ஆபரேஷன் செய்பவர்கள் அந்த இடத்தில் துளை போடுவதைத் தவிர்க்கிறார்கள்.

தேர்ந்த எலும்பு மருத்துவர் இதற்கெல்லாம் முன்கூட்டியே வழி செய்துகொள்வார். பாதத்தைக் கீழே இழுத்து உள்பக்கம் திருப்பினால் சிலருக்கு மேலோட்டப் பெரோனியல் நரம்பு தோலடியில் கோடாகத் தெரியும். மயக்க ஊசிக்கு முன்பே பேனாவால் குறித்துக்கொள்ளலாம். துளைவழி ஆபரேஷனில் கத்தியால் தோலை மட்டும் கீறி, அதற்கு அடியில் மழுங்கிய முனையுள்ள இடுக்கியால் விலக்கிப் போவார்கள். டிரில் போடும்போது சுற்றியிருப்பவை அதில் சுருண்டு சிக்கிக்கொள்ளாமல் உறைக்குழாய் வைப்பார்கள். ரத்தத்தை நிறுத்தத் தொடையில் கட்டும் காற்றுப்பட்டையைப் பொதுவாக 2 மணி நேரத்துக்கு மேல் விடமாட்டார்கள். அந்த அழுத்தமே நரம்பைக் கெடுக்கும். வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழும்வரை ஒன்றிரண்டு வாரம் காத்திருக்கச் சொன்னால் பொறுமை இழக்காதீர்கள். மூட்டு விலகியிருந்தாலோ, எலும்பு வெளியே தெரிந்தாலோ, ரத்த ஓட்டம் நின்றாலோ மட்டும் காத்திருக்கக் கூடாது.

இனி நீங்கள் கேட்க வேண்டியது. முதுகில் ஊசி போடுவதற்கு முன், பாதத்தின் மேற்புறம், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலுள்ள சந்து, வெளி விளிம்பு, உள்கணு ஓரம், உள்ளங்கால் என ஐந்து இடங்களையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விரல்கள் மேலும் கீழும் அசைகின்றனவா, நாடி துடிக்கிறதா என்றும் பார்த்து, எல்லாவற்றையும் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை இது. சர்க்கரை நோயால் ஏற்கெனவே மரத்துப் போயிருந்தாலும், முதலில் புத்தூர் கட்டுப் போட்டுவிட்டு வந்திருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இந்தப் பதிவு நோயாளியை மட்டுமல்ல, நேர்மையான மருத்துவரையும் காப்பாற்றும்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. சிகிச்சை என்ன, எதற்கு, வேறு வழி உண்டா, முக்கிய ஆபத்துகள் என்ன, செய்யாவிட்டால் என்னாகும் என்று நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்று சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எங்கோ அபூர்வமாக நடப்பதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. கணுக்கால் ஆபரேஷனில் உணர்வு போவது அப்படி அபூர்வமான ஆபத்தல்ல. கட்டாயம் சொல்ல வேண்டியது என்பதே என் கருத்து.

ஆபரேஷன் முடிந்த முதல் நாட்களில் வலிமாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறினாலோ, விரலை யாராவது அசைத்தால் உயிர் போகிறாற்போல் வலித்தாலோ, விரல்கள் வெளுத்துச் சில்லிட்டாலோ நள்ளிரவானாலும் டாக்டரை வரவழையுங்கள். முதலில் கட்டைப் பிரிக்க வேண்டும். தேவைப்பட்டால் தசையுறையையே கீற வேண்டியிருக்கும். சில மணி நேரத் தாமதத்திலேயே தசையும் நரம்பும் செத்துவிடும். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். அதோடு மூச்சும் வாங்கினால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மரத்துப்போனது நீடித்தால் பயந்துவிடவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். இழுபட்ட நரம்பு சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறும். உள்ளிழை அறுந்திருந்தால் நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வேகத்தில்தான் வளரும். நரம்புக் கடத்தல் பரிசோதனை ஏறக்குறைய மூன்று வாரத்துக்குப் பிறகே தெளிவாகச் சொல்லும். மூன்று மாதமாகியும் முன்னேற்றம் இல்லையென்றால் நரம்பு ஆபரேஷன் செய்யும் நிபுணரைப் பாருங்கள்.

நரம்பு பாதிக்கப்பட்டது என்பதாலேயே அது மருத்துவரின் அலட்சியம் ஆகிவிடாது. சராசரித் திறமையுள்ள மருத்துவர் எடுத்திருக்கும் கவனத்தை இவர் எடுத்தாரா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும்; ஜேக்கப் மாத்யூ வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. சந்தேகம் இருந்தால் முதலில் ஆவணங்களை எழுத்து மூலம் கேளுங்கள். 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதில் ஆபரேஷன் குறிப்பு முக்கியம். நரம்பைப் பார்த்து ஒதுக்கினார்களா, காற்றுப்பட்டை எவ்வளவு நேரம் இருந்தது என்பது அதில்தான் இருக்கும். கட்டணம் நீங்கள் கட்டியிருந்தாலும் காப்பீட்டு நிறுவனம் கட்டியிருந்தாலும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அதற்கு உரிமையியல் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோதான் வழி. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் டாக்டரின் நடத்தையை விசாரிக்கும், இழப்பீடு தராது.