நிகழ்ச்சி நிரல் தரவு நிறுவனங்கள்

எந்தத் தொலைக்காட்சி அலைவரிசையில், எந்த நேரத்தில், எந்த நிகழ்ச்சி அல்லது திரைப்படம் வருகிறது என்னும் விவரங்களைத் திரட்டி, சரிபார்த்து, ஒரே வடிவில் ஒழுங்குபடுத்தி ஊடகங்களுக்கு வழங்கும் நிறுவனங்கள் நிகழ்ச்சி நிரல் தரவு நிறுவனங்கள் எனப்படும். பெரும்பாலான நேயர்களுக்கு இவற்றின் பெயர் தெரியாது. ஆனால் ரிமோட்டில் 'கைடு' பொத்தானை அழுத்தியதும் திரையில் விரியும் அட்டவணைக்குப் பின்னால் இருப்பது இவற்றின் உழைப்பே.

முன்வரலாறு

இங்கிலாந்தில் நாளிதழ்கள் வானொலி நிகழ்ச்சி நிரலை வெளியிடக் கட்டணம் கேட்டன. அதனால் பிபிசி 1923 செப்டம்பர் 28 அன்று 'ரேடியோ டைம்ஸ்' என்னும் சொந்த இதழைத் தொடங்கியது. இந்தியாவில் அகில இந்திய வானொலியும் நிரல் இதழ்களை நடத்தியது. ஆங்கிலத்தில் 'இந்தியன் லிசனர்', தமிழில் 'வானொலி' ஆகியவை அவற்றுள் சில.

திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 டிசம்பர் 1 அன்று தொடங்கப்பட்டது. அறிவிப்பாளர் வாசிக்கும் அன்றைய நிகழ்ச்சி விவரமே தாமிரபரணிக் கரை ஊர்களில் பலருக்கு நிரலாக இருந்தது. பின்னர்த் தொலைக்காட்சி வந்தபோதும் தூர்தர்ஷன், உயரமான ஆண்டெனாவில் கிடைத்த இலங்கை ரூபவாஹினி என ஒன்றிரண்டு அலைவரிசைகளே இருந்தன. நாளிதழின் ஒரு மூலை அவற்றுக்குப் போதுமானதாக இருந்தது.

1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கியது. 2003 முதல் டிடிஎச் சேவைகள் வந்தன. அலைவரிசைகள் நூற்றுக்கணக்கில் பெருகியதால் நிரலைத் திரட்டுவதே தனித் தொழிலாயிற்று.

இந்திய நிறுவனம்

இத்துறையில் இந்தியாவில் குறிப்பிடத்தக்கது, மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டு அதுல் பட்னிஸ் நிறுவிய 'வாட்ஸ் ஆன்' ஆகும். இது இந்தியா, மேற்காசியா ஆகிய பகுதிகளின் அலைவரிசைகளுக்கான தரவைத் தொகுத்தது. 2014இல் அமெரிக்காவின் ட்ரிப்யூன் மீடியா இதை வாங்கியது. அதே ஆண்டில் இசைத்தட்டு விவரத் தொகுப்பாகத் தொடங்கி வளர்ந்த கிரேஸ்நோட் நிறுவனத்தையும் சோனியிடமிருந்து வாங்கியது. வாட்ஸ் ஆன் பின்னர் கிரேஸ்நோட்டுடன் இணைக்கப்பட்டது. 2017இல் நீல்சன் நிறுவனம் கிரேஸ்நோட்டை 56 கோடி டாலருக்கு வாங்கியது. நிரல் விவரம் எவ்வளவு மதிப்புள்ள சரக்கு என்பதை இத்தொகை காட்டுகிறது.

செயல்படும் முறை

1. அலைவரிசைகள் தங்கள் நிரலை முன்கூட்டியே அனுப்புகின்றன. ஒவ்வொன்றின் வடிவமும் வேறுபடும்.

2. தொகுப்பாளர்கள் அவற்றை ஒரே அமைப்புக்குக் கொண்டுவருகின்றனர். தலைப்பு, மொழி, வகை, இயக்குநர், நடிகர்கள், ஆண்டு, கதைச்சுருக்கம், படம் ஆகியவை சேர்க்கப்படுகின்றன.

3. ஒவ்வொரு படைப்புக்கும் ஓர் அடையாள எண் தரப்படுகிறது. ஆதார் எண் ஒருவருக்கு ஒன்றாக இருப்பதுபோல இதுவும் ஒரு படைப்புக்கு ஒன்றே.

4. இத்தரவு டிடிஎச், கேபிள், இணையச் சேவை நிறுவனங்களுக்கு அனுப்பப்படுகிறது. டிவிபி முறையில் ஒளிபரப்பாகும் நிரலில் நேரம் உலகப் பொது நேரத்தில் குறிக்கப்படும். செட்டாப் பாக்ஸ் அதனுடன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் காட்டும். பொது நேரம் 15.30 என்றால் திருநெல்வேலியில் இரவு 9 மணி.

5. தலைவர்கள் மறைவு, முக்கியச் செய்தி, மழையால் நின்ற கிரிக்கெட் போட்டி போன்றவற்றால் நிரல் மாறினால் உடனே திருத்த வேண்டும். திருத்தம் தாமதமானால், பதிவு செய்ய நேரம் குறித்து வைத்தவருக்கு வேறு நிகழ்ச்சியே பதிவாகும்.

பெயர் ஒன்று, படம் இரண்டு

'கர்ணன்' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். 1964இல் பி. ஆர். பந்துலு இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்து வெளிவந்தது மகாபாரதக் கதை. 2021இல் மாரி செல்வராஜ் இயக்கத்தில் தனுஷ் நடித்தது, பேருந்து நிற்காத ஒரு தென்மாவட்டக் கிராமத்தின் கதை. தலைப்பை மட்டும் பார்த்து இணைத்தால் ஒன்றின் படமும் மற்றதன் கதைச்சுருக்கமும் சேர்ந்துவிடும். பழைய படம் டிஜிட்டல் முறையில் மெருகேற்றப்பட்டு 2012இல் மீண்டும் திரைக்கு வந்ததால் ஆண்டிலும் குழப்பம் நேரலாம்.

'விக்ரம்' படத்தில் சிக்கல் இன்னும் கூடுதல். 1986இல் வந்ததிலும் 2022இல் வந்ததிலும் நாயகர் கமல்ஹாசனே. நடிகர் பெயரைக் கொண்டு பிரித்தறிய முடியாது. இயக்குநரையும் ஆண்டையும் பார்த்தே எண் தர வேண்டும்.

எழுத்து முறையும் ஒரு தடையாகும். பல நிரல்களில் தமிழ்த் தலைப்புகள் ஆங்கில எழுத்தில் தரப்படுகின்றன. ல, ள, ழ மூன்றையும் ஒரே எழுத்தால் எழுதுவோர் உண்டு. ழகரத்துக்கு இரண்டு எழுத்து இடுவோரும் உண்டு. ஒரே படம் இருவேறு எழுத்துக்கூட்டலில் பதிவானால் தேடுபவருக்குப் பாதிதான் கிடைக்கும். எனவே இப்பணிக்குக் கணினி அறிவுடன் தமிழும் தமிழ்த் திரை வரலாறும் தெரிந்தவர்கள் தேவை.

முக்கியத்துவம்

முன்பு நிரலில் பிழை இருந்தால் ஒரு மாலை வீணாகும், அவ்வளவுதான். இன்று குரல் வழித் தேடலும் பரிந்துரைப் பட்டியலும் இத்தரவைக் கொண்டே இயங்குகின்றன. மொழி தவறாகப் பதிவான படம், தமிழ்ப் படங்களைத் தேடுபவர் கண்ணில் படாது. இயக்குநர் பெயர் விடுபட்டால், அவர் பெயரைச் சொல்லித் தேடுபவருக்கு அப்படம் கிடைக்காது. படம் சேமிப்பில் இருந்தும் இல்லாததற்குச் சமமாகிவிடும். நூலகத்தில் தவறான அடுக்கில் வைக்கப்பட்ட புத்தகத்தின் நிலையும் இதுவே.

மாணவர்கள் இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு வாரம், இரவு ஒளிபரப்பாகும் திரைப்படங்களுக்கு வழிகாட்டி தரும் தலைப்பு, ஆண்டு, இயக்குநர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, படத்தின் பெயர்ப்பட்டியலுடன் ஒப்பிட்டால் தரவின் தரம் தெளிவாகும்.