கழன்றுகொள்ளும் கியர்

பழைய ஜீப், ஜிப்ஸி மீதுள்ள மோகம் தணியவில்லை. ஆனால் பளபளக்கும் பெயின்டுக்குக் கீழே கியர் பாக்ஸ் என்ன நிலையில் இருக்கிறது? அதைப் பிரிக்காமலே தெரிந்துகொள்ள வழிகள் உண்டு.

மலைச் சரிவில் இறங்கிக்கொண்டிருக்கிறது ஒரு பழைய ஜீப். இரண்டாவது கியர். திடீரென்று ‘டக்’ என்று ஒரு சத்தம். கியர் தானாகவே கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. அதுவரை வண்டியை இழுத்துப் பிடித்திருந்த எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் இனி எந்தத் தொடர்பும் இல்லை. மிஞ்சியிருப்பவை ஏற்கெனவே சூடேறிய டிரம் பிரேக்குகள் மட்டுமே. சமவெளியில் வெறும் தொந்தரவாக இருக்கும் கோளாறு, மலையில் உயிர்ப் பிரச்சினையாகிவிடுகிறது.

1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளை இங்கே ஒன்றுசேர்க்கத் தொடங்கியது மஹிந்திரா. 1985-ல் வந்தது மாருதி ஜிப்ஸி. 2019-ல் பொதுச் சந்தையிலிருந்து விடைபெற்றது. புதிதாகக் கிடைக்காததாலேயே பழையவற்றுக்கு மவுசு அதிகம். ராணுவ ஏலத்தில் வந்தவை, காட்டிலும் எஸ்டேட்டிலும் உழைத்து ஓய்ந்தவை, ஹரியானாவின் மண்டி டப்வாலி பட்டறைகளில் புது உடம்பு பெற்றவை என்று பல ரகம். எல்லாவற்றிலும் பொதுவான அம்சம் ஒன்று: பெயின்ட் புதிது, சீட் புதிது, டயர் புதிது, பல்சக்கரங்கள் மட்டும் பழசு.

வாங்கிய சில மாதங்களில் சத்தம் தொடங்குகிறது. உரிமையாளர் பட்டறைக்கு ஓடுகிறார். “கியர் பாக்ஸை இறக்கிவிட வேண்டியதுதான்” என்ற தீர்ப்பு உடனே வந்துவிடுகிறது. இங்கேதான் பணம் வீணாகிறது. கியர் பாக்ஸ் மீது விழும் பழிகளில் பல, அதற்கு வெளியே உள்ள சில்லறைப் பொருள்களின் குற்றம்.

குற்றவாளி யார்?

எல்லா கியரும் கரகரக்கிறதா, ரிவர்ஸ் விழும்போது பல் நெரிகிறதா? கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள். ஒழுகும் கிளட்ச் சிலிண்டரோ தளர்ந்த கேபிளோ காரணமாக இருக்கலாம். இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் மட்டும் கரகரத்தால்தான் உள்ளே இருக்கும் சிங்க்ரோனைசர் ரிங் தேய்ந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

சத்தத்துக்கும் கணக்கு இருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரலில் வைத்துக் கேளுங்கள். கிளட்சை மிதித்ததும் நின்றுவிடும் சத்தம் கியர் பாக்ஸ் பேரிங்குடையது. மிதித்தால்தான் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். நான்கு கியர் கொண்ட பழைய ஜீப்பில் முதல் மூன்று கியர்களிலும் முனகி, டாப் கியரில் அடங்கிவிட்டால் அடித்தண்டின் பேரிங்குகளைப் பார்க்க வேண்டும். டாப் கியரில் சக்தி அந்தத் தண்டு வழியாகப் போவதில்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் அடியில் ‘டங்’ என்றால் முதலில் சோதிக்க வேண்டியது புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸை. ஜிப்ஸியில் கியர் பாக்ஸும், நான்கு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் தனித்தனி. இரண்டையும் இணைக்கும் குட்டி ஷாஃப்டும் இந்தச் சத்தத்தை எழுப்பும்.

கியர் கழல்வதற்கும் இதே விதிதான். மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தால் கியர் பாக்ஸே அசைந்து லிவரை வெளியே தள்ளும். அது சரியாக இருந்தால், கியரைப் பிடித்து நிறுத்தும் சிறு ஸ்பிரிங்கும் குண்டும் அடுத்த சந்தேகம். பல ஜீப்புகளில் இவை மேல்மூடியிலேயே இருக்கின்றன. பாக்ஸை இறக்காமலே மாற்றலாம். அதற்குப் பிறகுதான் ஃபோர்க், பல்சக்கரம். லிவரைக் கையால் அழுத்திப் பிடித்தோ ரப்பரால் கட்டியோ ஓட்டுபவர்கள், தேயாத ஃபோர்க்கையும் தேய்த்துவிடுகிறார்கள்.

எண்ணெய் சொல்லும் சேதி

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்ப்பதைப்போல, பாக்ஸைப் பிரிக்கும் முன் ஆயிலை இறக்கிப் பார்ப்பதே மலிவான பரிசோதனை. பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆற்றைக் கடந்த வண்டிகளில் இது சகஜம். பொன்னிறத் துகள்கள் மின்னினால் பித்தளை ரிங் தேய்கிறது. மசிபோன்ற இரும்புத் தூள் வயதின் அடையாளம். அதற்காகப் பயப்பட வேண்டாம். நகத்துணுக்கு அளவில் இரும்புச் சில்லு கிடைத்தால்தான் பல் உடைந்திருக்கிறது.

பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளில் ஒரு விசித்திரம் உண்டு. கியர் பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் இடையிலுள்ள சீல் தேய்ந்தால், ஆயில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடும். தரையில் ஒரு சொட்டுகூடச் சிந்தாது. ஆனால் கியர் பாக்ஸ் காய்ந்துகொண்டிருக்கும். எனவே இரண்டின் அளவையும் தனித்தனியே பார்ப்பது கட்டாயம். சீல் மாற்றியும் ஒழுகுகிறதா? காற்றுப் போக்கியில் சேறு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே சேரும் அழுத்தம் புது சீலையும் தள்ளிவிடும்.

ஊற்றும் ஆயிலிலும் கவனம் வேண்டும். ஆக்சிலுக்கான ஜிஎல்-5 ரக ஆயில்களில் சில, பித்தளை ரிங்குகளை அரிக்கக்கூடியவை. கையேடு ஜிஎல்-4 என்றால் அதையே ஊற்ற வேண்டும். கட்டியான ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அடக்கி விற்பது சந்தையின் பழைய தந்திரம். வாங்கும் முன் 15 கி.மீ. ஓட்டி, பாக்ஸ் சூடான பிறகு காது கொடுத்தால் குட்டு வெளிப்படும்.

கோளாறு அல்ல, முறுக்கு

“நாலு வீல் போட்டால் எடுக்க வரவில்லை” என்பது அடிக்கடி கேட்கும் புகார். பெரும்பாலும் இது பழுதே அல்ல. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் உருள்கின்றன. ஜீப்பிலும் ஜிப்ஸியிலும் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே அந்த வித்தியாசத்தைச் சமன்செய்ய டிஃபரன்ஷியல் கிடையாது. மண்ணிலும் பனியிலும் டயர் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க முடியாததால், ஷாஃப்டுகள் ஈரத் துணியைப் பிழிவதுபோல் முறுக்கேறி லிவரைப் பூட்டிவிடும். நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் போதும்.

ஆனால் தெரியாமல் இப்படியே ஓட்டிய முந்தைய உரிமையாளர், தேய்ந்த டிரான்ஸ்ஃபர் கேஸைத்தான் உங்களுக்கு விற்றிருப்பார். முன்னே ஒரு அளவு, பின்னே ஒரு அளவு என்று டயர் மாட்டினாலும் இதே சேதம்தான். எனவே சோதனை ஓட்டத்தை மண் தரையில் வைத்துக்கொண்டு ஹை, லோ இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

டார்ஜிலிங் பாடம்

பழைய வண்டி மலைக்கு லாயக்கில்லை என்று சொல்லிவிட முடியாது. டார்ஜிலிங் மாவட்டத்தின் மானேபஞ்ஜாங்கிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்புவுக்கு 1950களின் லேண்ட் ரோவர்கள் தலைமுறை தலைமுறையாக ஆள் ஏற்றிச் சென்றிருக்கின்றன. பலவற்றில் இதயம் மாறிவிட்டது. மஹிந்திரா டீசல் எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தலைமுறை வண்டிகளின் அமைப்பு எளிமையானது. எஞ்சினுக்கேற்றபடி ஓட்டவும் உள்ளூரிலேயே பழுது பார்க்கவும் தெரிந்த கைகள் இருந்தால் காலம் தள்ளலாம்.

அந்தக் கைகள் இல்லாத ஊரில் எஞ்சினை மட்டும் பெரிதாக்கினால், கூடுதல் சுமையை முதலில் தாங்குவது பழைய கியர் பாக்ஸ்தான். பெரிய டயரும் அப்படியே. சட்டச் சிக்கல் வேறு. எஞ்சின் எண் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்த வேண்டும். தயாரிப்பாளரின் வடிவமைப்பிலிருந்து விலகும் மாற்றங்களுக்கு எதிராக 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது.

கடைசியில் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால்? பேரிங், சீல், ரிங் மட்டும் போயிருந்தால் பழுது பார்ப்பதே லாபம். தண்டும் பல்லும் போயிருந்தால் வேறு பாக்ஸ் தேடலாம். டெல்லியின் மாயாபுரிபோன்ற பழைய சாமான் சந்தைகளில் வாங்குபவர்கள், மூடியைத் திறந்து பல்லைப் பார்க்காமல் பணத்தை எண்ணக் கூடாது. ஒருமுறை இறக்கினால் கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்தே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்; இறக்கி ஏற்றும் கூலி ஒன்றுதானே.

எதைத் தள்ளிப்போட்டாலும், கழலும் கியரைத் தள்ளிப்போடக் கூடாது. மண்பாதைச் சரிவில் சிக்கிக்கொண்டால், இறக்கம் தொடங்கும் முன்பே வண்டியை நிறுத்தி லோவுக்கு மாறி, கழலாத கியரில் மெல்ல இறங்குவதே வழி. டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் நின்றால் கியரில் போட்ட வண்டியும் உருளும் என்பதை மறக்க வேண்டாம். ஸ்பிரிங்கும் ரப்பரும் மாற்ற ஆகும் செலவு அற்பம். அதை மிச்சம் பிடிப்பவர்கள் சரிவில் பணயம் வைப்பது பின் சீட்டில் உட்கார்ந்திருப்பவர்களை.